கொடித் துணியை வரையக் கூடாது

ஜனவரி 14

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவாய். ஆகவே பிரித்துக் கேட்கிறேன்: தூக்கம் வருகிறதா, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எந்தப் பக்கம்? தனித்தனியாகப் பதில் வேண்டும். போனில் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்கிறாய். சரி, தபால்காரராவது பிழைத்துப் போகட்டும்.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வாரம் முழுக்கப் பாலங்களுக்கு அடியில் தொங்கி விரிசல் பார்க்கிறேன். என் அறிக்கையில் இருந்த படத்தைப் பார்த்து மேலதிகாரி, "என்னப்பா இது, பாலமா, பல்லுப் போன சீப்பா?" என்று கேட்டார். அந்தக் கோபத்தில் ஒரு ஓவியக் கும்பலில் சேர்ந்துவிட்டேன். ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு தெரு நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிரில் இருக்கும் வீட்டை வரைவார்கள். தலைவி ஒரு பல் டாக்டர். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஜன்னல் வராது, அதனால் எல்லா வீட்டின் முன்னாலும் மரம் வளர்த்துவிடுவார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிறார்கள். பென்சில் சீவியே காலையைக் கழிப்பார்கள்.

இதுகூடப் பரவாயில்லை. சேர்ந்த அன்றே பல் டாக்டர் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். வாசலுக்கு நேராக உட்காராதே. திறந்த ஜன்னலுக்குள் இருப்பதை வரையாதே. வீட்டு எண்ணைப் போடாதே. கொடியில் காயும் துணியை வரையாதே. வீட்டுக்காரர் வெளியே வந்தால் எழுந்து நின்று படத்தைக் காட்டு. வேண்டாம் என்றால் மூடிக்கொண்டு போய்விடு. நாங்கள் என்ன படம் வரைகிறோமா, பிச்சை கேட்கப் போகிறோமா?

தெரு பொதுச்சொத்து. தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பார்ப்பதற்குத்தான் இருக்கிறது. பிடிக்காதவர்கள் சுவரை உயர்த்திக் கட்டட்டும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று நானே இலவசமாகச் சொல்கிறேன். தெருவில் உட்கார எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைச் சொன்னேன். கும்பல் முழுக்க என்னை ஏதோ சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒப்புக்கு எழுதவில்லை.

தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

தூக்கம் வருகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். முதுகு இடது பக்கம். போதுமா, இன்ஜினியர் சார்? போன மாதம் பிடித்த சளி விட்டதா? பாலத்துக்கு அடியில் ஈரத்தில் நிற்கும்போது கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொள்.

இங்கே தையல் கம்பெனியில் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கிறான். வெட்டு மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, மொத்தமாக வெட்டும்போது பின்னாலேயே வந்து நின்றுகொண்டு மூச்சு விடுவான். இந்த மாதம் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகள்.

பாவம் அந்தப் பல் டாக்டர். பல்லைப் பிடுங்கக் கற்றவருக்கு உன் நாக்கை என்ன செய்வது என்று தெரியாதே.

எந்தெந்தத் தெருவுக்கெல்லாம் போவீர்கள்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் போவதுண்டா? அங்கே மரங்கள் நன்றாக இருக்கும். சும்மாதான் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது. கும்பல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு ஒரு மாடி வீட்டை வரைந்தேன். பால்கனிக் கொடியில் ஒரு பெரிய மனிதரின் உள்ளாடை தொங்கியது. எலாஸ்டிக் போய், ஒரு பக்கம் இறங்கி, முழு உண்மையோடு தொங்கியது. கண்ணில் பட்டது, வரைந்தேன். அந்தப் பெரிய மனிதர் கீழே இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். தெருவே கூடிவிட்டது. "என் வீட்ல வரையறதுக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினார். "வீட்டுலயே உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான் சார், மாடிச் சுவரெல்லாம் உப்பிப் போயிருக்கு" என்றேன். பல் டாக்டர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, நீங்க வரையறது வீடு. வீட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்க" என்றார். இதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் படிப்பு! நூலகத்தில் மே மாதக் கண்காட்சி இருக்கிறதாம். இன்னொரு முறை கொடித் துணியை வரைந்தால் என் படத்துக்கு அங்கே இடமில்லையாம்.

அது கிடக்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். மரமா முக்கியம்? அங்கே அந்த ஆள் வீடு இருக்கிறது. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில், யார் வந்தார் யார் போனார் என்று தெரியாமல் கிடந்தபோது ஒரு காகிதத்தை நீட்டி, உங்கள் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவன் வீட்டுக்குள்ளும் அவள் பள்ளிக்குள்ளும் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று உன்னிடம் கையெழுத்து வாங்கிய ஆள். அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது. நான் அப்போது கல்லூரி விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. அவன் அடுத்த வருடமே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

உனக்கு என்ன வேண்டும்? நேராக எழுது. சுற்றி வளைத்துக் கேட்பது எனக்கு ஒத்துவராது.

மாத்திரை தீரும்முன் அடுத்த பட்டையை வாங்கிவிடு.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நேராகவே எழுதுகிறேன். அந்த வீட்டை வரைந்து அனுப்புவாயா? வீட்டை மட்டும். யாரோடும் பேச வேண்டாம், சண்டை வேண்டாம், பாப்பாவைக் கூப்பிட வேண்டாம். எதிரே பழைய அச்சகத்தின் சுவர் இருக்கிறது, அதை ஒட்டி உட்காரலாம். போட்டோ வேண்டாம். போட்டோ எடுத்தால் திருட்டுத்தனம் போல இருக்கிறது.

அந்த ஆளைப் பற்றி ஒன்று. கையெழுத்து வாங்கினார் என்பது உண்மை. நான் அப்போது இருந்த நிலையில் பாப்பாவை என் கையில் கொடுக்க நானே சம்மதித்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் எரிச்சல் தவிர.

படம் இத்துடன் இருக்கிறது. கண்காட்சிக்கு ஒரு நகல் போட்டுக்கொண்டேன். வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், உன்னை வெளியே அனுப்பிய வீடு இன்னும் நிற்கிறதே என்பதுதான் ஆச்சரியம். வலது மூலை இறங்கியிருக்கிறது. ஜன்னல் முனையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். அதன் மேல் சிமெண்டைப் பூசிவிட்டு, அதற்கு மேல் பெயிண்ட் அடித்து, விரிசலே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆளின் புத்தி எப்போதும் அப்படித்தானே. மழைநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் சுவரில் இறங்குகிறது. கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட், தவளை நிறத்தில். அவன் வாசலில் வந்து நின்று பல் குத்திக்கொண்டே தெருவைப் பார்த்தான், உள்ளே போனான். இப்போது எனக்குத் தாடி இருக்கிறது, அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவனுக்குப் பல்தான் முக்கியம்.

நீ என்னைப் பாராட்ட வேண்டும். பல் டாக்டரின் விதிகளை முதல்முறையாக ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வாசலுக்கு நேராக உட்காரவில்லை, எண்ணைப் போடவில்லை. மாடியில் கொடி நிறையத் துணி தொங்கியது; ஒன்றையும் வரையவில்லை. வெறும் கம்பி மட்டும். கும்பலே கை தட்டியது. வங்கிக்காரர், "இப்பதான்பா உனக்கு நாகரிகம் வந்திருக்கு" என்றார். அவர் படத்தில் வழக்கம்போல ஒரு காடு இருந்தது.

பதில் எழுது.

தம்பி


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

படம் வந்ததா? வந்தது என்றாவது எழுது. அஞ்சல் அலுவலகத்தில் கேட்டேன். "போட்டா போயிருக்கும் சார்" என்றார் அங்கே இருந்தவர், ஏதோ தத்துவம் சொல்வதுபோல.

மாத்திரையை நிறுத்திவிட்டாயா? உண்மையைச் சொல். இல்லையென்றால் சனிக்கிழமை வண்டி ஏறி வந்து நிற்பேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

வர வேண்டாம். மாத்திரையை நிறுத்தவில்லை. நலமாகத்தான் இருக்கிறேன். படம் வந்த அன்றே வந்துவிட்டது. நன்றாக வரைந்திருக்கிறாய். உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

நீ துணியை விட்டுவிட்டாய்.

எனக்கு வீடு எதற்கு? நான் இருந்த வீடுதானே, சுவர் எனக்குத் தெரியும். விரிசல்கூடத் தெரியும், அப்போதே இருந்தது. எனக்கு இப்போது பாப்பாவைத்தான் தெரியாது. இரண்டு வயது முகத்துக்கு மேலே யோசிக்க முடியவில்லை. துணி இருந்தால் தோள் அகலம் தெரியும், கை நீளம் தெரியும். நாள் முழுக்க அவளைப் போல ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டுகிறேன். இது அவளுக்கு இறுக்குமா, தொளதொளவென்று இருக்குமா என்று நினைத்துவிட்டால் கை நின்றுவிடுகிறது. சூப்பர்வைசர், "என்னம்மா, துணி தூங்குதா, நீ தூங்குறியா?" என்று கேட்கிறான்.

கேட்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னைப் பார்த்து இரக்கப்படுவாயோ என்று பயந்தேன். நீ திட்டினால் தாங்குவேன்.

கொடியில் என்ன தொங்கியது? ஞாபகம் இருந்தால் எழுது.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

இரக்கப்பட எனக்கு நேரமில்லை. திட்டுகிறேன், வாங்கிக்கொள். நேராக எழுது என்றேன், வீட்டை மட்டும் என்று எழுதினாய். வேலையிடத்தில் இப்படி ஒரு குறிப்புக் கொடுத்தால் பாலம் ஆற்றுக்குப் பக்கத்தில் எழும்பும். என்னையும் திட்டிக்கொண்டேன். கண்ணில் பட்டதை வரைகிறவன் என்று பீற்றிக்கொண்டு, எந்த இடத்தில் வரைய வேண்டுமோ அங்கே போய் நாகரிகம் காட்டியிருக்கிறேன், ஒரு பல் டாக்டருக்குப் பயந்து.

ஞாபகத்திலிருந்து எழுதுவது எனக்கு ஆகாது. மறுபடி போனேன், கும்பல் இல்லாமல். அச்சகச் சுவரை ஒட்டி, கேட்டுக்கு நேராகவே உட்கார்ந்தேன். கொடியில் பள்ளி யூனிஃபார்ம் தொங்கியது: ஒரு சட்டை, ஒரு கவுன். கேட்டின் உயரத்தை அளவாக வைத்துக்கொண்டேன். படத்தின் ஓரத்தில் அளவுக்கோடு போட்டிருக்கிறேன். கவுனின் கீழ் ஓரத்துக்கு மேலே வெளிறிப்போன கோடுகள் இரண்டு இருந்தன. அவற்றுக்குக் கீழே நிறம் கொஞ்சம் அடர்த்தி. ஏன் என்று தெரியாது. இருந்தது, போட்டேன். அவளைப் பார்க்கவில்லை. "என் சாக்ஸ் எங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டது. படியில் இறங்கி வரும்போது கடைசிப் படிகளைத் தாவிக் குதித்த சத்தம் கேட்டது. நீ அப்படித்தான் குதிப்பாய், அம்மா அடிப்பாள்.

பிறகு கேட் திறந்தது. வந்தவள் அவன் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டவள். கையில் ஈர வாளியோடு தெருவைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"என்ன வரையறீங்க?"

"வீடு."

குனிந்து பார்த்தாள். படத்தில் வீடு என்று நாலு கோடு இருந்தது. மீதிக் காகிதம் முழுக்கச் சட்டையும் கவுனும்.

"வீட்டுக்கு எப்ப கை முளைச்சுது?" என்றாள்.

எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. நான் நிற்கவில்லை. "தெருவுல உட்கார்ந்து எதை வேணாலும் வரையலாம்" என்றேன்.

"நான் வேண்டாம்னு சொல்லலையே." என் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் காதைப் பார்த்தாள். "இந்தக் காதை நான் தினமும் பாக்கறேன். பின்னல் போடறப்ப சீப்பு போய் இடிக்கும்."

நமக்கு முறம் மாதிரிக் காது என்று ஊரே சொல்லும், அது பாப்பாவுக்கும் போயிருக்கிறதா? "வெயில் ஏறுது, தள்ளி நிழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய்விட்டாள். என்ன திமிர்! அவன் பல் குத்துகிறான், இவள் ஆளையே குத்துகிறாள். நல்ல பொருத்தம். கிளம்பி வந்துவிட்டேன். இனி அங்கே போக முடியாது என்று நினைக்கிறேன்.

முதுகுக்கு ஒத்தடம் கொடு.

தம்பி


மே 19

தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று எழுதி எவ்வளவு காலம் ஆகிறது. இன்று எழுதத் தோன்றுகிறது.

அளவுக்கோட்டை வைத்து அளந்தேன். வயதுக்குக் கொஞ்சம் உயரம். தோள் குறுகல். கை நீளம். நான் வெட்டும் சட்டை அவளுக்குத் தோளில் இறங்கி நிற்கும், மணிக்கட்டில் பற்றாது. இனி எனக்குத் தெரியும்.

அந்தக் கோடுகள் ஏன் என்று தெரியாது என்றாயல்லவா. பிள்ளை வளர வளரக் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள், இரண்டு தடவை. பழைய மடிப்பு இருந்த இடம்தான் வெளிறிக் கோடாகத் தெரிகிறது. உள்ளே இருந்த துணி வெயில் படாமல் நிறம் அப்படியே இருக்கிறது. கடையில் வாங்கும் கவுனில் இரண்டு தடவை இறக்க மடிப்பு இருக்காது. நாங்கள் ஒரு விரல்கூட விடுவதில்லை, துணி மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். பிள்ளை வளரும் என்று முதல் நாளே நினைத்துத் தைத்தால்தான் அவ்வளவு துணி உள்ளே இருக்கும்.

தைத்தது யார் என்று உனக்கே தெரியும். அவளைத் திமிர் பிடித்தவள் என்று இன்னொரு தடவை எழுதாதே.

நீ போ. அங்கே போக முடியாது என்றெல்லாம் இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

நான் நலம். நீ உட்கார்ந்துகொண்டு படி.

நீ சொன்னதற்காகப் போனேன். அவளைப் பற்றி நீ எழுதியதை ஒப்புக்கொண்டு போகவில்லை. ஒரு மடிப்பைப் பார்த்து ஒரு ஆளை எடை போடுவது எனக்குப் பிடிக்காது; சுவரில் பெயிண்டைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் செய்வது அது.

கொடியில் யூனிஃபார்ம் இல்லை. நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் ஏழு கவுனைக் கொண்டுவந்து தொங்கவிட்டாள், சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக. ஏதோ அறிக்கைக்கு நான் வரைபடம் போட்டதுபோல ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி இறங்கியிருந்தது. கடைசிதான் இப்போது போடுகிற அளவு. ஒன்றில்கூட ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த கோடுகள் குறுக்கும் நெடுக்கும் அப்படியே இருந்தன. காய்ந்த துணியை எவளாவது காயப் போடுவாளா?

முதலாவது மஞ்சள் கவுன். பாக்கெட்டில் ஒரு துணி வாத்து தலைகீழாக நிற்கிறது. நீ தைத்தது. விடுமுறைக்கு வந்தபோது, "வாத்து முங்கிக் குளிக்குதா?" என்று நான் கேலி செய்து, நீ கத்திரிக்கோலை ஓங்கினாயே, அதுதான்.

அந்த ஆள் பனியனோடு மாடிக்கு வந்தான். "இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று அவன் கேட்டது தெருவுக்கே கேட்டது. "பூச்சி அரிக்குது. வெயில் காட்டறேன்" என்றாள். ஒரு கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போனான். வீட்டில் நடக்கும் எதையும் பார்க்காமலே ஒரு மனிதன் எப்படி வீட்டுக்காரனாக இருக்க முடிகிறது என்று தெரியவில்லை. போகட்டும்.

முடித்தபோது அவள் வந்தாள். எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதே. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"கொடி ரொம்பத் தொங்கற மாதிரி போட்டிருக்கீங்களே."

"தொங்குதுங்க. கம்பியை இழுத்துக் கட்டணும். அந்த மூலைச் சுவரையும் பாக்கணும், வெறும் பூச்சு தாங்காது."

"குறை மட்டும் நல்லாத் தெரியுது உங்களுக்கு" என்றாள். பிறகு, "வாத்தை நேராப் போட்டுடாதீங்க, அப்படியே இருக்கட்டும். அவ சின்ன வயசுல அதைப் பிரிச்சுத் திருப்பித் தைக்கறேன்னேன், அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிட்டா" என்றாள்.

படம் இதோ. கொடித் துணியைத் தவிர இதில் ஒன்றுமே இல்லை. பல் டாக்டரிடம் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூலகத்தில் என் மொட்டைக் கம்பி வீட்டுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்து நாற்காலிக் காலின் ஆட்டத்தைச் சரி செய்துகொண்டேன்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை பிரித்துக் கேட்டாலும் அதே பதில்தான்.

படம் வந்தது, ஏழு கவுனையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன்.

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் என்று இருக்கிறது. பள்ளிக்குள் என்று இருக்கிறது. தெரு என்று எங்கும் இல்லை. தெருவில் உட்கார எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நீதானே எழுதினாய்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ராத்திரிக்குள் அங்கே வந்துவிடுவேன். இன்னொரு மடக்கு நாற்காலி வாங்கி வை, முதுகு சாய்கிற மாதிரி. எனக்கு வரையத் தெரியாது. ஒரு பென்சிலும் காகிதமும் கொடு, சும்மா வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

ஒன்றே ஒன்று. உட்காருவதற்கு முன்னால் நான் தெருவைக் கடந்து போய், கேட்டுக்கு வெளியே நின்று தட்டி, அந்தக் கவுன்களைத் தைத்தவளிடம் கேட்பேன். வேண்டாம் என்றால் நாற்காலியை மடக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். அவள் பதில் சொல்லும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா